கடை மெயிலில் போட்ட ராணுவ விண்ணப்பம்

ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது என் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், போட்டோ எடுப்பதற்குச் சுவரில் ஒரு வெள்ளைத் துணி, வருகிறவர்கள் உட்கார இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். போர்டில் என்னவோ பெரிய பெயராக எழுதி வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை, ஃபாரம் கடை என்றுதான் சொல்கிறார்கள். சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாரில் முகவரி மாற்றம், முதியோர் பென்ஷன், காலேஜ் அட்மிஷன், எதுவானாலும் என்னிடம் வருவார்கள். நான் போட்ட ஃபாரம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கினால் அடிபடுவது யானைதான். நான் சறுக்கியபோது அடிபட்டது பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஃபாரமாக இருந்தாலும் மொபைல் நம்பரும் மெயில் ஐடியும் கேட்கும். வந்தவரிடம் கேட்டால், போன் பையனிடம் இருக்கிறது என்பார், ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்பார், மெயில் ஐடி என்றால் முழிப்பார். அவர் வீட்டுக்குப் போன் போட்டு, ஓடிபி நம்பரைக் கேட்டு, அங்கிருப்பவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்துச் சொல்வதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் கடை நம்பரையும் கடை மெயில் ஐடியையும் போட்டுவிடுவோம். ஓடிபி நேராக என் கைக்கு வரும், ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். என்னைப் போன்ற கடைக்காரர்களில் நான் பார்த்தவரை எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். இந்த ஏரியாவில் பாதிப் பேருக்கு அரசாங்கம் அனுப்புகிற தகவலெல்லாம் என் மேஜைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெண்ணைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவர்கள் வீடு கூவம் ஓரத்தில் இருந்தது. குடிசைகளை எடுத்தபோது எல்லாரையும் லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் குழப்பத்தில் அவளுக்கு ஒரு வருடப் படிப்பு போனது. அப்பா இல்லை. அம்மா ராஜா அண்ணாமலைபுரத்தில் நான்கு வீடுகளில் சமையலும் பாத்திரமும் பார்க்கிறார். வீடு மாறினாலும் வேலை மாறவில்லை. தினமும் முதல் பஸ்ஸைப் பிடித்து இருவரும் ஒன்றாக வருவார்கள், அம்மா வேலைக்கு, மகள் மயிலாப்பூரில் பழைய பள்ளிக்கூடத்துக்கு. ஃபாரம் போடுவதென்றால் மட்டும் ராயப்பேட்டைக்கு வருவார்கள். அம்மாவும் என்னை அண்ணா என்பார், மகளும் அண்ணா என்பாள். எங்கள் பக்கம் கடைக்காரனுக்கு வயது கிடையாது.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஒரு நாள் அவள் மட்டும் வந்தாள்.

"அண்ணா, மிலிட்டரி அகாடமிக்கு அப்ளை பண்ணணும்," என்றாள்.

சிப்பாய்க்கு ஆள் எடுக்கிற முகாமைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "அதுக்கு இன்னும் தேதி வரலம்மா," என்றேன்.

"அது இல்லண்ணா. ஆபீசர் ஆவறதுக்கு. ப்ளஸ் டூ முடிச்சவங்க எழுதலாம். பாஸ் பண்ணா மூணு வருஷம் அங்கயே தங்கிப் படிக்கணும். இப்ப பொண்ணுங்களையும் எடுக்கறாங்க."

பள்ளியில் தேசிய மாணவர் படையில் இருந்தவள் அவள். ஒரு குடியரசு தினத்தன்று கடற்கரைச் சாலை அணிவகுப்பில் போயிருக்கிறாள். ஒத்திகையைப் பார்க்க வந்த ஒரு பெண் அதிகாரி இவள் பக்கத்தில் நின்று, கையை இன்னும் கொஞ்சம் உயர்த்து என்று சொன்னாராம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இவள் ஒரு வருடமாக எங்கெங்கோ விசாரித்திருக்கிறாள். அறிவிப்பு முழுவதையும் லைப்ரரியில் பிரிண்ட் எடுத்து, முக்கியமான வரிகளுக்கெல்லாம் சிவப்பில் கோடு போட்டு வைத்திருந்தாள். ஃபாரம் போடுகிற எனக்கே அதில் பாதி தெரியாது.

படிப்பில் ஒரு வருடம் போனதால் வயது இடித்தது. இந்த ஒரு தேர்வுதான் அவளால் எழுத முடியும். அடுத்த தேர்வு வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். அதற்காக அம்மாவிடம் ஒரு வருடம் கேட்டு வாங்கியிருந்தாள். இந்த வருடம் காலேஜ் வேண்டாம், இதற்குப் படிக்கிறேன், கிடைக்காவிட்டால் அடுத்த ஜூனில் ஒழுங்காகக் காலேஜில் சேர்ந்துவிடுகிறேன் என்று பேச்சு.

வெள்ளைத் துணிக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தேன். சிரிக்கக் கூடாது என்று சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு முறை எடுக்க வேண்டியிருந்தது. கையெழுத்துக்கு ஒரு தாளைக் கொடுத்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்து எழுத்தாகப் பெயரை எழுதினாள். ஆபீசர் இப்படியா கையெழுத்துப் போடுவார், கொஞ்சம் கிறுக்கும்மா என்று கிண்டல் செய்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கிறுக்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பழையபடியே போட்டாள். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நானும் என் கூலியை வாங்கிக்கொள்ளவில்லை.

மெயில் ஐடி கேட்ட இடத்தில் என் கை தானாகக் கடை ஐடியை அடித்தது.

"அண்ணா, நான் லைப்ரரில ஒரு ஐடி ஓபன் பண்ணி வெச்சிருக்கேன். அத போடலாமா?" என்று கேட்டாள்.

"அத நீ தெனம் தொறந்து பாப்பியா? பெரும்பாக்கத்துலேர்ந்து அதுக்குன்னு லைப்ரரிக்கு வருவியா? நம்ம ஐடி போட்டா கடை தொறந்தவுடனே நான் பாத்துருவேன். நீ படிக்கிற வேலையப் பாரு."

ஐடியை எழுதி வைத்திருந்த நோட்டை அவள் கையிலேயே வைத்திருந்தாள். சரிண்ணா என்று சொல்லி அதை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள். வேண்டாம்ண்ணா, என்னுடையதையே போடுங்கள் என்று ஒரு வார்த்தை பிடிவாதமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஃபாரம் கடைக்காரனிடம் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். எங்களுக்கும் அது பழகிவிட்டது.

தேர்வு செப்டம்பரில் நடந்தது. பழைய கேள்வித்தாள்களை ஜெராக்ஸ் எடுக்க அவள் அடிக்கடி வருவாள். பக்கத்தின் சூடு ஆறுவதற்குள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட ஆரம்பித்துவிடுவாள். காலையில் ஏரிக்கரை ரோட்டில் ஓடுகிறாள், நாய்கள் துரத்துவதால் இன்னும் வேகமாக ஓடுகிறாள் என்று அவள் அம்மா சொல்லிச் சிரித்தார்.

ரிசல்ட் வந்த அன்று இருவரும் வந்திருந்தார்கள். பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான், பக்கம் பக்கமாக இருக்கும். அவள் நம்பரை அடித்துத் தேடினேன். ஒரே ஒரு நம்பர்மேல் மஞ்சள் விழுந்தது.

"அண்ணா, இன்னொரு தபா பாருங்க," என்றாள்.

இன்னொரு தபா பார்த்தேன். அதற்குப் பிறகு அவளே கீபோர்டை இழுத்து, நம்பரை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாள். இருந்தது. அவள் அம்மா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் என்னிடம் கேட்டார்.

"இவளுக்கு இன்னா வேலண்ணா குடுப்பாங்கோ?"

"ஆபீசர்மா. இவ ரூமுக்குள்ள வந்தா மத்தவங்க எழுந்து சல்யூட் அடிப்பாங்க."

"இவளுக்கா? வூட்ல ஒரு டம்ளர எடுத்து வெக்க மாட்டா." முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தவர் திரும்பி மகளைப் பார்த்தார். "சண்ட வந்தா இவள முன்னாடி அனுப்புவாங்களாண்ணா?"

மகள்தான் சொன்னாள். "கூவத்துல வெள்ளம் வந்தப்ப இடுப்பளவு தண்ணில என்ன தூக்கிக்கினு போன இல்ல, அத வுடவாம்மா?"

எழுத்துத் தேர்வு முடிந்தால் அடுத்தது நேர்முகத் தேர்வு. ஐந்து நாள் வெளியூரில் தங்கி, ஓடி, தாண்டி, பேசிக் காட்ட வேண்டும். அதற்கு இன்னொரு தளத்தில் பதிவு செய்தேன். முதலில் கொடுத்த அதே மெயில் ஐடியைத்தான் கொடுக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. எங்கே, எப்போது வர வேண்டும் என்பது மெயிலில் வரும். வெள்ளை கேன்வாஸ் ஷூ, வெள்ளை டீ சர்ட், ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமே அம்மா தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். சக்கரம் வைத்த ஒரு பெட்டியும் வாங்கினாராம். அந்த வீட்டில் அதற்கு முன்பு பெட்டி என்று ஒன்று இருந்ததில்லை, மூட்டைதான்.

பொங்கல் முடிந்து அவள் முதல் தடவை கேட்க வந்தாள். "அண்ணா, லெட்டர் எதுனா வந்துச்சா?"

போனை எடுத்து ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தேன். "இன்னும் வரலம்மா."

மாசியில் ஒரு தடவை வந்தாள். வரலம்மா. பங்குனியில் மயிலாப்பூரில் அறுபத்து மூவர் உற்சவம் நடந்த அன்று வந்தாள். பஸ்ஸையெல்லாம் திருப்பி விட்டிருந்தார்கள். எங்கேயோ இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தாள், கையில் எந்தப் பந்தலிலோ கொடுத்த நீர்மோர் டம்ளர் இருந்தது. கடையில் அன்று கூட்டம். தலையைத் தூக்காமலே சொன்னேன்.

"கவர்மெண்ட் வேலம்மா, ஆடி அசைஞ்சிதான் வரும். வந்தா நானே போன் பண்ண மாட்டேனா?"

"சரிண்ணா," என்றாள். மோரைக் குடித்து முடித்து, டம்ளரைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனாள்.

அந்த நேரத்தில் மெயில் பக்கத்தைத் திறந்தால் மேலே ஒரு சிவப்புப் பட்டை வந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் சின்னப் பெருக்கல் குறி இருக்கும், அதை அழுத்தினால் பட்டை போய்விடும். பல வாரங்களாக நான் அதை அழுத்திக்கொண்டிருந்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் படிக்கவில்லை. ஊரார் ஃபாரத்தில் ஒரு கமா தப்பினால்கூடக் கண்டுபிடிக்கிறவன் நான்.

உற்சவம் முடிந்து பதினோரு நாள் கழித்து, பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். துபாயிலிருந்து அவர் மகன் எனக்கு அனுப்பிய மெயில் திரும்பிவிட்டதாம், பெட்டி நிரம்பியிருக்கிறது என்று காட்டுகிறதாம். அப்போதுதான் பட்டையைப் படித்தேன். இடம் தீர்ந்துவிட்டது, இனிமேல் புதிய மெயில் எதுவும் வராது என்று எழுதியிருந்தது. இத்தனை வருடத்தில் ஊரே அனுப்பிய போட்டோவும் சான்றிதழும் அதில் மலையாகக் குவிந்து கிடந்தன. இப்போதெல்லாம் எல்லாரும் போனிலேயே படத்தை அனுப்பிவிடுவதால், மெயில் நின்றுபோனது எனக்குத் தெரியவே இல்லை. கடைசி மெயில் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

நேர்முகத் தேர்வுக்குப் பதிவு செய்த தளத்தைத் திறந்து அவள் கணக்கில் நுழைந்தேன். எல்லாம் இருந்தது. இடம் போபால். தேதி, அறுபத்து மூவர் உற்சவம் நடந்த அதே நாள். காலை ஏழு மணிக்குள் வந்து சேர வேண்டும். பக்கத்தில் ஆப்சென்ட் என்று போட்டிருந்தது. அன்று ஏழு மணிக்குப் போபாலில் நின்றிருக்க வேண்டியவள், பதினொரு மணிக்கு என் எதிரில் நின்று, ஏதாவது வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

போன் மெசேஜையும் தேடினேன். நூற்றுக்கணக்கான ஓடிபிகளுக்கு நடுவில் அதுவும் இருந்தது, மெயிலைப் பார்க்கவும் என்று இரண்டு வரி. நான் திறந்து பார்த்ததாகவே காட்டியது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதையை நானே எத்தனையோ ஆபீஸ்காரர்களைத் திட்டுவதற்குச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை பூசாரி நான்.

அந்தத் தளத்தில் போட்டிருந்த ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டேன். இரண்டு நாள் யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், தப்பு என்னுடையது, பெண்மேல் தப்பில்லை என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வராதவர்களுக்கு வேறு தேதி கொடுப்பதில்லை என்றார். மெயிலைக் காலி செய்து, அதிலேயே ஒரு மனு அனுப்பினேன். பதில் மறுநாளே வந்தது. ஒரே வரி, அவர் சொன்ன அதே வரி. அந்த மெயில் மட்டும் உடனே வந்து சேர்ந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். பெரும்பாக்கம் போய், அம்மாவையும் மகளையும் உட்கார வைத்துச் சொல்லி, காலில் வேண்டுமானாலும் விழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு மழையும் இல்லை, எனக்குக் காய்ச்சலும் இல்லை. போகவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. இதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைத்திருக்காது.

"அண்ணா?" என்றாள். இந்தத் தடவை கேள்வியைக்கூட முழுதாகக் கேட்கவில்லை.

"லிஸ்ட் வந்துருச்சும்மா," என்றேன். "உன் பேரு இல்ல."

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தெரியாது. ஆனால் வந்த பிறகு அதற்கு முட்டுக் கொடுக்க எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

"பாஸ் பண்ணவங்கள எல்லாம் கூப்புடுவாங்கன்னு போட்டிருந்துச்சேண்ணா?"

"எல்லாரையும் எங்கம்மா கூப்புடறாங்க. மார்க் பாத்துதான் எடுப்பாங்க. ஆளு ஜாஸ்தி."

"ஒரு தபா நானே பாக்கட்டுமாண்ணா?"

"சர்வர் டவுனா கீதும்மா காலைலேர்ந்து."

எங்கள் தொழிலில் இதைச் சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அவளும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "தேங்க்ஸ்ண்ணா, உங்களுக்குத்தான் ரொம்ப தொந்தரவு," என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ஷட்டரை இறக்கி, மத்தியானமே வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். தலைவலி என்று மனைவியிடம் சொன்னேன்.

சித்திரையில் அவள் அம்மா ரேஷன் கார்டு விஷயமாக வந்தார். ஒரு டப்பாவில் வீட்டில் செய்த அதிரசம் கொண்டுவந்திருந்தார். நான் வாங்கத் தயங்கியதைப் பார்த்து அவராகவே சொன்னார்.

"நீ இன்னாண்ணா பண்ணுவ. ஒன்னால ஆனத ஒரு பைசா வாங்காம செஞ்ச. நம்மள மாதிரி ஆளுங்கள அங்கல்லாம் எடுப்பாங்களா? அவளுக்கு நான் அப்பவே சொன்னேன். கேக்கல."

அவர்கள் கூப்பிட்டார்கள் அம்மா, போபாலுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். ரேஷன் கார்டில் முகவரியை மாற்றிக் கொடுத்தேன். அவர் சொந்த நம்பரை வாங்கிப் போட்டேன். அந்தச் சமயத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் போட ஆரம்பித்திருந்தேன். மெயில் இல்லாதவர்களுக்கு அங்கேயே புதிதாகத் திறந்து, பாஸ்வேர்டை எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன். ஐந்து நிமிட வேலை அரைமணி நேரம் ஆனது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், தெரியும்.

மே மாதம் காலேஜ் ஃபாரம் போடுகிற காலம். கடையில் நிற்க இடம் இருக்காது. அவள் வருவாள் என்று தினமும் பயந்துகொண்டிருந்தேன். வந்தால் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஜூன் வந்தது, கடைசித் தேதியும் போனது. அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அவள் வராததில் எனக்கு நிம்மதிதான் இருந்தது. நான் செய்ததிலேயே கேவலமானது எது என்று யாராவது கேட்டால், அந்த நிம்மதியைத்தான் சொல்வேன்.

தீபாவளிக்குத் துணி எடுக்க மனைவியோடு தி.நகர் போனேன். ஒரு பெரிய கடையின் மூன்றாவது மாடி, கைத்தறிப் பிரிவு. கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் மனைவி ஒரு கவுண்டரில் நின்றாள். எதிர்ப்பக்கம் கடைச் சீருடையில், தலையை இழுத்துக் கொண்டை போட்டு, அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணிங்களா? வாங்கண்ணி," என்று மனைவிக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். என் மனைவிக்கு அவளைத் தெரியாது. அவளே சொன்னாள். "அண்ணன்தான் எனக்கு மிலிட்டரி ஃபாரமெல்லாம் போட்டுக் குடுத்தாரு. ஒரு பைசா வாங்கல. எனக்குத்தான் மார்க் பத்தல."

மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். இருபத்தைந்து வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்தது ரொம்பக் குறைவு. இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு, நீங்கள் பேசிக்கொண்டிருங்கள் என்று பில் போடப் போனாள். அங்கே ஒரு நீள வரிசை.

அந்தப் பெண் பிரித்துப் போட்ட புடவைகளை மடிக்க ஆரம்பித்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்தாள். காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள் போலிருக்கிறது, அடிக்கடி ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள்.

"மார்க் பத்தலன்னு இல்லம்மா," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். மெயில் நிரம்பியது, போபால், தேதி, ஆப்சென்ட், நான் சொன்ன பொய், சர்வர் என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றிலும் பெண்கள் புடவையை இழுத்துப் போட்டு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் குரல் அவளுக்குக் கேட்டதா என்றே சந்தேகமாக இருந்தது. பாதியில் அவள் கை மடிப்பதை நிறுத்தியிருந்தது.

"அப்ப அவங்க என்னை வேணாம்னு சொல்லலியா?"

"இல்லம்மா. வரச் சொன்னாங்க. நான்தான் பாக்கல."

அவள் அந்தப் புடவையை மறுபடியும் பிரித்து, முதலிலிருந்து மடித்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"அந்தக் கொஸ்டின் பேப்பர தெனம் எடுத்துப் போட்டுப் பாப்பேண்ணா. எங்க தப்புப் பண்ணேன்னு. எல்லாமே சரியாத்தான் வரும். அப்பறமும் மார்க் பத்தலன்னா நமக்கு அவ்ளோதான் மூளன்னு நெனச்சிக்கினேன். டிகிரி முடிச்சிட்டு இங்க பரங்கிமலைல கீற ஆபீசர் அகாடமிக்கு எழுதலாம்னு வெச்சிருந்தேன். இதுக்கே தேறலியே, இன்னும் மூணு வருஷம் எதுக்கு அம்மா உசுர எடுக்கறதுன்னு காலேஜே வேணான்னுட்டேன்."

நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்தப் போபால் தேதியைப் பற்றித்தான். அதைத் தவற விட்டதுதான் நான் செய்த பாவம், பொய் சொன்னது அதை மூடி மறைக்கப் போட்ட ஒரு துணி என்று நினைத்திருந்தேன். அந்தப் பொய் அவளை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவலம்மா. வர்ற ஜூன்ல நானே வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "உங்கள நல்லா திட்டிட்டு, ஒரு வாரம் அழுதுட்டு, இந்த ஜூன்லயே காலேஜ்ல சேந்திருப்பேண்ணா."

அதற்குள் பக்கத்தில் ஒரு அம்மா, இதே டிசைனில் பச்சை இருக்கிறதா என்று கேட்டார். "இருக்கும்மா, எடுத்துத் தரேன்," என்று சொல்லிவிட்டு அவள் அந்தப் பக்கம் போனாள்.